எத்தனை மணிக்கு வந்து சேருவான்?

அப்பா இறந்தது தை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, விடியற்காலை நான்கு மணிக்கு. பாலக்கோட்டில் எங்கள் தெருவில் அந்நேரம் விழித்திருப்பவர்கள் மண்டிக்குத் தக்காளி ஏற்றுகிறவர்கள்தான். வண்டியில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் அழுகைச் சத்தம் கேட்டு அப்படியே போட்டுவிட்டு வந்தார்கள். அண்ணனுக்கு நான்தான் போன் செய்தேன். அவன் இருப்பது சான் பிரான்சிஸ்கோ பக்கம். அங்கே அப்போது புதன்கிழமை பிற்பகல் இரண்டரை மணி. ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நான் வர்ற வரைக்கும் எடுத்துடாதீங்கடா" என்றான்.

ஏழு மணிக்கெல்லாம் தருமபுரியிலிருந்து ஐஸ் பெட்டி வந்துவிட்டது. அண்ணனிடமிருந்தும் செய்தி வந்தது. நம் நேரப்படி காலை பத்தரைக்குப் புறப்படும் விமானத்தில் இடம் கிடைத்துவிட்டதாம். பெங்களூருக்கு நேராக வரும் விமானம் அன்றைக்கு இல்லை, நடுவில் ஓரிடத்தில் மாற வேண்டும். பெரியப்பா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சொந்தக்காரர்களுக்கெல்லாம் நேரம் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

"எம்மாந்தூரம்டா அது?"

"பதினாலாயிரம் கிலோமீட்டர், பெரியப்பா."

"அது கெடக்கட்டும். எத்தனை மணிக்கு வந்து சேருவான்?"

நான் கைப்பேசியை எடுத்தேன். விமானம் மணிக்குச் சுமார் 900 கி.மீ. போகும் என்று எங்கோ படித்த நினைவு. 14,000-ஐ 900-ஆல் வகுத்தேன். பதினைந்தரை மணி நேரம் வந்தது. பதினாறு என்று வைத்துக்கொண்டேன். பெங்களூரிலிருந்து இங்கே வர மூன்று மூன்றரை மணி நேரம். "வெள்ளிக்கிழமை விடிய ஆறு மணிக்கு வீட்டுல இருப்பான், பெரியப்பா" என்றேன். பெரியப்பா ஊர் முழுக்க, ஓசூர், மாரண்டஅள்ளி, காரிமங்கலம் சொந்தங்களுக்கெல்லாம் சொல்லியனுப்பினார்: வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு எடுக்கிறோம்.

அந்தக் கணக்கு தவறு. எவ்வளவு தவறு என்பதைக் கடைசியில் சொல்கிறேன். ஏன் தவறு என்று தெரிந்துகொள்ள எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

*

பெரியப்பா தூரத்தை ஒதுக்கிவிட்டு நேரத்தைக் கேட்டது எனக்கு அப்போது ஒரு கிழவரின் அவசரமாகத்தான் பட்டது. பிறகு யோசித்தால், நம் பழைய வழக்கமே அதுதான். 'நாழிகைவழி' என்று ஒரு தூர அளவு நம்மிடம் இருந்தது. நாழிகை என்பது 24 நிமிடம். ஒரு நாழிகை நேரத்தில் நடந்து கடக்கிற தூரம் ஒரு நாழிகைவழி, ஏறத்தாழ ஒன்றரை மைல். ஏழு நாழிகைவழி சேர்ந்தால் ஒரு காதம் என்பது ஒரு கணக்கு. காதத்தின் அளவு நாட்டுக்கு நாடு கூடிக் குறைந்தது. ஆனால் அடிப்படை ஒன்றே: தூரம் என்பது கால் நடக்கும் நேரம்.

எங்கள் மாவட்டத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. தருமபுரி, பழைய தகடூர். அந்தப் பகுதியில் அதியமான் பெருவழியின் தொலைவுக் கற்கள் கிடைத்திருக்கின்றன. கி.பி. 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஒரு கல்லில் நாவற்தாவளம் என்ற ஊருக்கு 29 காதம் என்று பொறித்திருக்கிறது. எழுத்துக்குக் கீழே குழிகளும் உண்டு. பெரிய குழி இரண்டு, சிறிய குழி ஒன்பது. பெரியது பத்து, சிறியது ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாத வண்டிக்காரனும் இருட்டில் விரலை வைத்துத் தடவிப் பார்த்து, இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். அதன் படத்தை முதன்முதலில் பார்த்தபோது, விமானத்தில் இருக்கைக்கு முன்னால் உள்ள திரை நினைவுக்கு வந்தது. அதிலும் இரண்டு எண்கள்: போக வேண்டிய தூரம், போய்ச் சேரும் நேரம். கல்லில் தூரம் மட்டும் இருக்கிறது. நேரம் நடக்கிறவனுக்குத் தெரியும். மழையா, வெயிலா, மாடு களைத்திருக்கிறதா, வழியில் திருடர் பயம் உண்டா என்பதை அவன்தான் கூட்டிக்கொள்ள வேண்டும். கல் நட்டவன் அதைச் சொல்ல முற்படவில்லை. நான் முற்பட்டேன்.

*

தூரம் நேரத்திலிருந்து பிரிந்து தனி எண்ணாக மாறியதும் நம் பக்கத்து மண்ணில்தான். 1802-இல் வில்லியம் லாம்ப்டன் என்ற ஆங்கிலப் படை அதிகாரி சென்னை பரங்கிமலை அருகே ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். நூறு அடி நீள இரும்புச் சங்கிலியைத் திரும்பத் திரும்ப நீட்டி வைத்து, சுமார் ஏழரை மைல் நீளக் கோட்டை அளக்க அவருக்கு ஐம்பத்தேழு நாள் ஆனது. வெயிலில் சங்கிலி நீளுமே, அதற்கும் கணக்குப் பார்த்தார்கள். அந்த ஒரு கோடு துல்லியமாகத் தெரிந்துவிட்டால் போதும். அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவில் உள்ள ஒரு மலையுச்சியைப் பார்த்துக் கோணத்தை அளந்தால், மலைக்கு நடந்து போகாமலேயே தூரம் கிடைத்துவிடும். அந்த முக்கோணத்தின் பக்கத்தில் இன்னொரு முக்கோணம், அதன் பக்கத்தில் இன்னொன்று. இப்படி மலைக்கு மலை தாண்டியே நாடு முழுக்க அளந்தார்கள்.

இதன் முதல் பலன்களில் ஒன்று வேடிக்கையானது. சென்னையிலிருந்து மங்களூர் வரை தீபகற்பத்தின் அகலம் 400 மைல் என்று அதுவரை வரைபடங்கள் காட்டின. லாம்ப்டன் அளந்தபோது 360 மைல்தான் வந்தது. நாற்பது மைல் நிலம் காணாமல் போனது. இருந்திருந்தால்தானே காணாமல் போவதற்கு. வளைந்து நெளிந்த வழிகளில் நடந்தும் வண்டியில் போயும் சேர்த்த தூரங்களை வைத்துப் போட்ட பழைய கணக்கு அது. பாதையின் களைப்பு, நிலத்தின் அகலத்தோடு சேர்ந்துவிட்டிருந்தது.

அதன் பிறகு லாம்ப்டனும், அவருக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்டும் குமரிமுனையிலிருந்து இமயமலை அடிவாரம் வரை சுமார் 2,400 கி.மீ. நீளத்துக்கு ஒரு முக்கோண மாலையைக் கோத்தார்கள். ஏறத்தாழ 78-ஆம் தீர்க்கரேகையை ஒட்டிய மாலை அது. அந்த 78-ஆம் ரேகை பாலக்கோட்டுக்குச் சில கிலோமீட்டர் மேற்கே போகிறது. பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை. லாம்ப்டன் 1823-இல் வேலை முடியாமலேயே வழியில் இறந்தார். ஆனால் அந்த அளவுகளிலிருந்துதான் எவரெஸ்ட் பூமியின் வடிவத்துக்கு ஒரு கணக்கு போட்டார்: நடுவில் எவ்வளவு பருத்திருக்கிறது, துருவத்தில் எவ்வளவு தட்டையாக இருக்கிறது என்று. உலகத்தின் எந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கைப்பேசி இன்று நொடியில் சொல்கிறதென்றால், அதற்குப் பின்னால் இப்படிப்பட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. எனக்குப் பதினாலாயிரம் என்று காட்டியதும் அதுதான். அந்த எண்ணில் பிழை இல்லை. பிழை அதை நான் வகுத்ததில்.

*

எங்கள் பாட்டி ஒன்று சொல்வாள். "ரயிலு போன பொறவு ஓசூரு தள்ளிப் போயிருச்சு." சின்ன வயதில் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இல் ஒரு குறுகிய ரயில் பாதை போட்டார்கள். 1913-இல் அது பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூர் வரை நீண்டது. இரண்டரை அடி அகலத் தண்டவாளத்தில் ஓடிய சின்ன வண்டி. பாட்டிக்கு ஓசூரில் அம்மா வீடு. 1941-இல், இரண்டாம் உலகப் போரின் நடுவில், அந்தப் பாதை மூடப்பட்டது. தண்டவாளத்தைப் பிடுங்கிச் சண்டைக்குக் கொண்டுபோனார்கள் என்றே ஊரில் சொல்வார்கள். ஓசூர் இருந்த இடத்திலேயேதான் இருந்தது. ஒரு முழம்கூட நகரவில்லை. ஆனால் பாட்டிக்கு அது மாட்டுவண்டித் தூரமாகிவிட்டது. மறுபடி பாலக்கோட்டில் ரயில் நின்றது பல ஆண்டுகள் கழித்து, சேலம் பெங்களூர்ப் பாதை வந்த பிறகுதான். பாட்டி அப்போதும் இருந்தாள். அம்மா வீட்டில்தான் யாரும் இல்லை.

ஊருக்கு ஊர் தூரத்தைக் கூட்டிக் குறைத்த அதே போர், நமக்குத் தெற்கே இலங்கையில் இன்னொரு காரியம் செய்தது. விமானப் பயண நேரத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது என்னை உட்கார வைத்த கதை அது.

போருக்கு முன் லண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு வான்வழித் தபால் கராச்சி, கல்கத்தா, சிங்கப்பூர் வழியாகப் போய்வந்தது. நம் ஊர்க் கடிதமும் அந்தச் சங்கிலியில் சேர்ந்துகொண்டதுண்டு. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் ஓட்டிவந்தார். அதை அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். ஆனால் 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்ததும் ஆஸ்திரேலியாவுக்கான சங்கிலி அறுந்தது. ஒட்டுப்போட ஒரே வழிதான் இருந்தது. இலங்கைக்கும் மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கும் இடையே இந்தியப் பெருங்கடலை ஒரே மூச்சில் தாண்ட வேண்டும்.

காலிக்குப் பக்கத்தில் உள்ள கொக்கல ஏரி அதற்குத் தளமானது. ஏரியைச் சுற்றியிருந்த கிராமத்து மக்களை அவசர அவசரமாக வெளியேற்றினார்கள். சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் பூர்வீக வீடு அங்கேதான் இருந்தது. அது இடிபடாமல் தப்பி, இன்று அருங்காட்சியக வளாகத்தில் நிற்கிறது. 1943 நடுவில் குவாண்டாஸ் நிறுவனம் கேட்டலினா என்ற நீரில் இறங்கும் விமானங்களை வைத்து அந்த வழித்தடத்தைத் தொடங்கியது. கொக்கலவிலிருந்து பெர்த் சுமார் 5,650 கி.மீ. விமானத்தின் வேகம் மணிக்கு இருநூறு கிலோமீட்டர் சொச்சம். என்னைப் போல வகுத்தால் இருபத்தெட்டு மணி நேரம் வரும். உண்மையில் 27 மணி முதல் 33 மணி வரை எடுத்தது. 32 மணி 9 நிமிடம் தொடர்ந்து பறந்த பயணம் ஒன்று உண்டு.

வழி முழுக்க எதிரிகள் நடமாடிய கடல். வானொலியில் பேசக் கூடாது, பேசினால் இருக்குமிடம் தெரிந்துவிடும். அதனால் நட்சத்திரத்தைப் பார்த்து வழி கண்டார்கள். ஐந்து விமானங்களுக்கும் அவர்கள் வைத்த பெயர்களும் விண்மீன்களுடையவைதாம். வழிநெடுகத் தேவையான எரிபொருளை ஏற்றிய பிறகு இடமில்லை. ஒரு பயணத்துக்கு மூன்று பயணிகள், 69 கிலோ தபால். அவ்வளவுதான். ஒரு பயணத்தில் இரண்டு முறை சூரியோதயம் பார்த்துவிடலாம் என்பதால், 'இரட்டைச் சூரியோதய ரகசிய சங்கம்' என்று வேடிக்கையாகப் பெயரிட்டுப் பயணிகளுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். 1945 ஜூலையில் நிறுத்தும் வரை 271 முறை கடந்தார்கள். ஒரு விமானம்கூட வழியில் விழவில்லை.

இதில் என்னைப் பிடித்துக்கொண்டது அந்த ஆறு மணி நேரம். 27-க்கும் 33-க்கும் உள்ள இடைவெளி. ஏரி அதே ஏரி, ஆறு அதே ஆறு, விமானமும் அதே விமானம். மாறியது காற்று. கிளம்புகிறவனிடம் "எத்தனை மணிக்குப் போய்ச் சேருவாய்" என்று யாராவது கேட்டிருந்தால், அவன் நேர்மையாகச் சொல்லியிருக்கக்கூடிய பதில், "நாளைக்கு இல்லையென்றால் நாளை மறுநாள்" என்பதுதான்.

*

அது பழைய காலம், இப்போது ஜெட் விமானம் ஆயிற்றே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது.

வீட்டில் ஓர் உலக உருண்டை இருந்தால், ஒரு நூலை எடுத்துப் பெங்களூரில் ஒரு முனையையும் சான் பிரான்சிஸ்கோவில் மறுமுனையையும் வைத்து இழுத்துப் பிடித்துப் பாருங்கள். சுவரில் மாட்டும் வரைபடத்தில் நாம் நினைப்பது போல அது பசிபிக் கடல் மீது கிழக்கே போகாது. சீனா, சைபீரியா என்று வடக்கே ஏறி, ஆர்க்டிக் ஓரம் தொட்டு, அந்தப் பக்கம் இறங்கும். பெங்களூர் ஏறத்தாழ 78 பாகை கிழக்கு, சான் பிரான்சிஸ்கோ 122 பாகை மேற்கு. பூமியின் ஒரு பக்கமும் மறுபக்கமும். இப்படி எதிரெதிரே இருக்கிற ஊர்களுக்குக் குறுக்குவழி உச்சந்தலை வழியாகத்தான். இதைப் பெருவட்டப் பாதை என்பார்கள். அதன் நீளம்தான் அந்தப் பதினாலாயிரம்.

ஆனால் விமானம் அந்த நூலின் மேல் போவதில்லை. 2021 ஜனவரியில் ஏர் இந்தியா சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு முதல் நேர் விமானத்தை விட்டது. கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் ஓட்டுநர் அறையில் முழுக்கப் பெண்கள். வட துருவத்தின் மீது பறந்து, சுமார் பதினேழு மணி நேரத்தில் வந்து இறங்கினார்கள். செய்திகளில் அப்போது வந்த பயணத் தூரம் சுமார் 16,000 கி.மீ. நேர்தூரத்தைவிட இரண்டாயிரம் அதிகம். இரண்டாயிரம் கிலோமீட்டர் என்றால் பாலக்கோட்டிலிருந்து தில்லி.

ஏன் சுற்ற வேண்டும்? பெரிய காரணம் காற்று. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிப் பெரும் காற்றாறுகள் ஓடுகின்றன. மணிக்கு இருநூறு கிலோமீட்டர் வேகம் அவற்றுக்குச் சாதாரணம். விமானத்தின் வேகம் என்று நாம் சொல்வது அதைச் சுற்றியுள்ள காற்றைப் பொறுத்த வேகம். அந்தக் காற்றே எதிரே ஓடிவந்தால், நிலத்தைப் பொறுத்தவரை வேகம் அவ்வளவு குறையும். ஆற்றில் பரிசல் போகிறவனுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். ஒகேனக்கலில் ஒரு பரிசல்காரரிடம் எதிர்க்கரை எவ்வளவு தூரம் என்று கேட்டுப் பாருங்கள். தண்ணீரைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

இதற்குச் சரியான உதாரணம் 2016 அக்டோபரில் நடந்தது. தில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு அட்லாண்டிக் வழியாகப் போய்க்கொண்டிருந்த ஏர் இந்தியா, பாதையைப் பசிபிக் பக்கம் மாற்றியது. பழைய பாதை சுமார் 13,900 கி.மீ. புதியது சுமார் 15,300 கி.மீ. ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் கூடுதல். ஆனால் காற்று முதுகில் தள்ளியதால் பதினான்கரை மணி நேரத்தில் போய்விட்டது. பழைய பாதையைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைவு. திரும்பும்போது அட்லாண்டிக் வழியாகவே வந்தார்கள், அப்போதும் காற்று பின்னாலிருந்துதான். தூரம் கூடியது, நேரம் குறைந்தது. நான் போட்ட வகுத்தல் கணக்கில் இது நடக்கவே முடியாது.

காற்றுக்குப் பிறகு குளிர். துருவத்தின் மேல் எரிபொருள் உறையும் அளவுக்கு இறங்கும். ஜெட் எரிபொருளின் ஒரு வகை மைனஸ் 40 பாகையில் உறையத் தொடங்கும், இன்னொரு வகை மைனஸ் 47-இல். தொட்டியின் சூடு அதை நெருங்கினால் விமானி கீழே இறங்கவோ பாதையை மாற்றவோ வேண்டும். பிறகு, இரண்டு இன்ஜின் விமானம் ஒன்று நின்றுபோனாலும் குறித்த நேரத்துக்குள் போய் இறங்க ஓர் ஓடுதளம் எப்போதும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று விதி. ஆகவே நடுக்கடலிலும் பனிப்பாலையிலும் பாதை ஏதாவது ஓர் ஓடுதளத்தின் பக்கமாக வளையும்.

அதற்கும் பிறகு மனிதர்கள். 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்யா தன் வானத்தை ஐரோப்பிய, அமெரிக்க நிறுவனங்களுக்கு மூடியது. சைபீரியாவின் மேல் போன விமானங்களெல்லாம் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்கு வானத்தை மூடியபோது, தில்லியிலிருந்து வட அமெரிக்காவுக்குப் போகும் சில விமானங்கள் எரிபொருளுக்காக ஐரோப்பாவில் இறங்கிப் போயின. 1942-இல் சிங்கப்பூர் விழுந்ததால் கொக்கலவில் தொடங்கிய கதைதான் இதுவும். நிலத்தில் யாரோ சண்டை போடுகிறார்கள். வானத்தில் ஊர்கள் விலகிப் போகின்றன. பாட்டி சொன்னதைக் கேட்டு நான் சிரித்திருக்கக் கூடாது.

*

இத்தனையும் சேர்ந்தாலும் பெங்களூர் வரைக்கும்தான். அங்கிருந்து பாலக்கோடு?

பாலக்கோட்டிலிருந்து தேவனஹள்ளி விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 107 கி.மீ. லாம்ப்டன் கணக்குப்படி. சாலையில் ராயக்கோட்டை, ஓசூர், அத்திப்பள்ளி என்று போனால் அது நூற்று நாற்பதைத் தாண்டும். ஓசூர் வரைக்கும் கவலையில்லை. அதற்குப் பிறகு பெங்களூர் நகரத்தைத் தெற்கிலிருந்து வடக்காக முழுக்கக் கடக்க வேண்டும். விமான நிலையம் ஊருக்கு வடகோடியில். விடியற்காலை மூன்று மணிக்குப் போனால் ஒரு நேரம், மாலை ஐந்து மணிக்குப் போனால் அதைப் போல இரண்டு மடங்கு.

பக்கத்தில் இன்னொன்று கட்டலாமே என்று நீங்கள் கேட்கலாம். 2008 மே மாதம் திறந்த பெங்களூர் விமான நிலையத்தின் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது. வான்தூரத்தில் 150 கி.மீ. சுற்றளவுக்குள், மைசூர், ஹாசன் நீங்கலாக, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு வேறு சர்வதேச விமான நிலையம் வரக் கூடாது. அதாவது 2033 வரை. பாலக்கோடு, தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அந்த வட்டத்துக்குள்தான். 2024 ஜூனில் தமிழ்நாட்டு முதல்வர் சட்டமன்றத்தில், ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு மூன்று கோடிப் பேர் வந்துபோகும் விமான நிலையம் அமைக்கப்படும் என்று அறிவித்தார். இந்த ஒப்பந்த வரி அதற்குக் குறுக்கே கிடக்கிறது. அப்படி வந்தால் எங்களுக்கு ஒன்றரை மணி நேரத்தில் விமானம். ஆனால் 2,000 ஏக்கர் என்பது யாரோ ஒருவரின் ராகிக் காடும் தென்னந்தோப்பும். கொக்கல ஏரிக்கரையை விட்டுப் போனவர்களையும், பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரத்தில் உட்கார்ந்திருப்பவர்களையும் நினைத்தால், இரண்டு ஊர்களை நெருங்கவைக்கும்போது மூன்றாவதாக ஓர் ஊர் இல்லாமல் போகிறது என்பது புரிகிறது. அப்பாவுக்காக ஓசூரில் ஒரு விமான நிலையம் இருந்திருக்க வேண்டும் என்று அந்த வெள்ளிக்கிழமை நான் ஆசைப்பட்டேன். இன்று அப்படிச் சுலபமாக ஆசைப்பட முடியவில்லை.

*

சரி, கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் ஏறிய விமானம் வளைகுடாவில் ஓர் ஊரில் இறங்கி மாறுவது. இரண்டு பயணங்களையும் கூட்டினால் தூரமே பதினைந்தாயிரத்தைத் தாண்டும். நான் வகுத்த பதினாலாயிரம் அவன் ஏறாத ஒரு விமானத்தின் தூரம். முதல் விமானம் புறப்படவே தாமதமாகியது. போய் இறங்கியபோது அடுத்தது கிளம்பிவிட்டிருந்தது. ஐந்து மணி நேரம் கழித்து வேறொன்றில் ஏற்றிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்றரைக்குப் பெங்களூரில் இறங்கினான். குடியேற்ற வரிசை, பெட்டி, கார் எல்லாம் முடிந்து வெளியே வரும்போது மணி நாலரை. பெங்களூரில் வண்டிகள் நகராத நேரம்.

இங்கே காலை ஆறு மணியிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். பத்து மணிக்குப் பந்தல் நிறைந்துவிட்டது. பதினொன்றுக்கு வர வேண்டிய மேளக்காரர்கள் வேறொரு சாவுக்குப் போக வேண்டும் என்றார்கள். மதியம் சில பேர் சாப்பிடாமலேயே கிளம்பினார்கள். பெரியப்பா ஒரு வார்த்தை என்னைக் கடிந்துகொள்ளவில்லை. நாலு மணிக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இப்ப எங்க இருக்கான்?"

"பெங்களூர் வந்துட்டான், பெரியப்பா. இன்னும் ரெண்டு மணி நேரம்."

அதுவும் தவறு. ஆனால் அப்போது எனக்கே தெரியும், அது தவறு என்று.

பொழுது சாய்ந்து எடுக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். ஐந்தரைக்கு எடுத்தோம். அப்பாவுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் மூத்த மகன். இரண்டாவது மகனான நான் வைத்தேன். அண்ணன் வீட்டுக்குள் நுழைந்தபோது இரவு ஒன்பது மணி. விமானம் ஏறியதிலிருந்து முப்பத்து நாலரை மணி நேரம். நான் பத்தொன்பதரை என்று சொல்லியிருந்தேன். கூடத்தில் ஐஸ் பெட்டி இருந்த இடத்தில் தண்ணீர் காய்ந்திருக்கவில்லை. பெட்டியைக்கூட கீழே வைக்காமல் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் முதலிலேயே "தெரியாது, பெரியப்பா, சனிக்கிழமைன்னு வெச்சுக்குங்க" என்று சொல்லியிருந்தால், சனிக்கிழமை என்று சொல்லியனுப்பியிருப்பார்கள். ஐஸ் பெட்டி இன்னொரு நாள் இருந்திருக்கும். யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். சரியான தூரத்தைத் தெரிந்துவைத்திருந்ததால்தான் தவறான நேரத்தை அவ்வளவு தைரியமாகச் சொன்னேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அண்ணன் கிளம்பினான். இரவு பதினொன்றுக்குக் கார் வந்து வாசலில் நின்றது. அம்மா அவன் கையில் விபூதிப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, "எத்தனை மணிக்குப்பா போய்ச் சேருவ?" என்றாள். அவன் பதில் சொல்லவில்லை. திரும்பி என்னைப் பார்த்தான்.

"தெரியாதும்மா" என்றேன். "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுவான்."